பெருந்தொற்றுக் காலத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இரண்டு வாசல் வேண்டும்

கேள்வி இது: "மலையடிவாரத்தில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையம். சுற்றிலும் பழங்குடிக் குடியிருப்புகள், செங்கல் சூளைகள், நெருக்கமான ஒரு காலனி. கொரோனா மாதிரி மறுபடி ஒன்று வந்தால் இவ்வளவு சின்ன இடத்தில் உண்மையில் என்ன செய்ய முடியும்? எதை முதலில் செய்ய வேண்டும்?"

செய்ய முடிவது நிறைய இருக்கிறது. ஆனால் மாவட்டத் தலைமை மருத்துவமனையின் சின்ன நகலாக மாறப் பார்த்தால் அந்த நிலையம் எதையும் உருப்படியாகச் செய்யாது. நம் கணக்குப்படி சமவெளியில் 30,000 பேருக்கும் மலைப்பகுதியில் 20,000 பேருக்கும் ஒரு ஆரம்ப சுகாதார நிலையம். வட்டாரத்துக்கு ஒன்றாக 30 படுக்கையோடு மேம்படுத்தப்பட்ட நிலையம் இருக்கிறது. மற்ற மாநிலங்களில் அதைத்தான் சமுதாய சுகாதார நிலையம் என்கிறார்கள். இவற்றில் வென்டிலேட்டர் இருக்காது, சிறப்பு மருத்துவர்கள் இருக்கமாட்டார்கள். இருப்பவர்கள் ஓரிரு மருத்துவர்கள், சில செவிலியர்கள், மருந்தாளுநர், ஆய்வக நுட்புநர், ஊர் ஊராகப் போகும் கிராம சுகாதார செவிலியர்கள், சுகாதார ஆய்வாளர்கள். இவர்களால் காய்ச்சலோடு வருபவரின் மூச்சு இறங்குவதற்கு முன்பே கண்டுபிடித்து மேலே, பெரிய மருத்துவமனைக்கு, அனுப்ப முடியும். மற்ற நோய்க்காரர்களைக் கைவிடாமல் பார்க்கவும் முடியும். இரண்டாவதுதான் எப்போதும் மறந்துபோகிறது.

மேற்கு ஆப்பிரிக்காவில் 2014 முதல் 2016 வரை எபோலாவால் 11,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மருத்துவ நிலையங்கள் முடங்கியதால் மலேரியா, எச்.ஐ.வி., காசநோய் ஆகியவற்றால் கூடுதலாக இறந்தவர்கள் ஏறக்குறைய அதே அளவு இருப்பார்கள் என்று பின்னர் கணக்கிட்டார்கள். இந்தியாவில் 2019இல் சுமார் 24 லட்சம் காசநோயாளிகள் பதிவானார்கள். 2020இல் அது 18 லட்சமாக விழுந்தது. நோய் குறையவில்லை. இருமியவர்கள் வரவில்லை, வந்தவர்களுக்குச் சளிப் பரிசோதனை நடக்கவில்லை. ஆகவே முதல் நாளே முடிவு செய்ய வேண்டியது: காய்ச்சலுக்கு ஒரு வாசல், மற்றதுக்கெல்லாம் இன்னொரு வாசல், இரண்டும் தினமும் திறந்திருக்கும்.

வாசல் என்பதைச் சொல்லுக்குச் சொல்லாகவே எடுத்துக்கொள்ளுங்கள். கட்டடத்துக்கு வெளியே, மர நிழலிலோ பந்தலிலோ ஒரு மேசை. அங்கே ஒருவர் உட்கார்ந்து, காய்ச்சல் உண்டா, இருமல் அல்லது மூச்சிரைப்பு உண்டா, வீட்டில் யாருக்காவது இப்படி இருக்கிறதா என்று கேட்டுப் பிரிக்க வேண்டும். நெற்றியில் காட்டும் வெப்பமானியை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவீர்கள். வெயிலில் நடந்து வந்தவருக்கு அது கூடுதலாகக் காட்டும், வியர்த்த நெற்றியில் குறைத்துக் காட்டும், காலையில் பாராசிட்டமால் போட்டுவிட்டு வந்தவருக்கு ஒன்றுமே காட்டாது. கேள்விதான் முதல் சல்லடை. காய்ச்சல்காரர்களைப் பந்தலிலேயே வைத்துப் பார்த்து, மருந்தும் அங்கேயே கொடுத்து அனுப்பிவிட்டால் அவர்கள் கட்டடத்துக்குள் வரவே வேண்டாம். ஓ.பி. சீட்டு எழுதும் இடமும் மருந்து கொடுக்கும் சன்னலும் இரண்டு கூட்டத்துக்கும் பொதுவாக இருந்தால் பிரித்ததெல்லாம் வீண். இந்தப் பிழைதான் அதிகம் நடக்கும்.

உள்ளே காற்றோட்டம். கொசுவுக்குப் பயந்து சன்னலைச் சாத்தி வைப்பது நம் கட்டடங்களின் பழக்கம். ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி அறை நடுவில் பிடித்தால் புகை எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும். நோயாளியிடமிருந்து செவிலியரின் முகத்தை நோக்கிப் போனால் இருவரின் நாற்காலியையும் மாற்றிப் போடுங்கள். எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து, ஒரு சன்னலில் மேசை மின்விசிறியை வெளிநோக்கி வைத்தால் அசுத்தக் காற்றை அது தள்ளிவிடும். ஏ.சி. வேண்டாம், சுவரில் மாட்டும் ஏ.சி. அதே காற்றைத்தான் சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது. தரையைத் துடைப்பதில் காட்டும் அக்கறையில் பாதியைக் காற்றில் காட்டினால் போதும். துடைக்க 33 சதவீதம் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் 30 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்தால் 1 சதவீதக் கரைசல் கிடைக்கும். அன்றன்றைக்குக் கரைக்க வேண்டும். பவுடர் ஈரம் பட்டுப் பழசாகியிருந்தால் வீரியம் இருக்காது. மனிதர்கள் மேல் இதைத் தெளிக்கவே கூடாது.

பணியாளர்களை இரண்டு அணியாகப் பிரித்து, அணிகள் ஒன்றோடொன்று கலக்காமல் பாருங்கள். எல்லோரும் ஒரே மேசையில் முகக்கவசத்தைக் கழற்றிச் சாப்பிட்ட ஒரு மதியம் போதும், அடுத்த வாரம் நிலையத்தைப் பூட்ட வேண்டிவரும். என்-95 தட்டுப்பாடாக இருந்தால் ஆளுக்கு ஐந்து கொடுத்து, ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகிதப் பையில் காயவிட்டுச் சுழற்சியில் அணியலாம். துவைக்கக் கூடாது, சானிடைசர் தெளிக்கக் கூடாது. இரண்டுமே துகளைப் பிடிக்கும் மின்னூட்டத்தைக் கெடுத்துவிடும். தாடி இருந்தால் விளிம்பு முகத்தில் படியாது.

மாதிரி எடுப்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், பஞ்சு சுற்றிய மரக்குச்சி கூடாது, செயற்கை இழைக் குச்சிதான் வேண்டும். எடுத்த குழாய் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும், 72 மணி நேரத்துக்குள் ஆய்வகம் போய்ச் சேர வேண்டும். மலைப்பகுதியில் வண்டி வாரத்துக்கு இரண்டு முறைதான் வரும் என்றால் அந்த நாள்களின் காலையில் மாதிரி எடுங்கள். வெள்ளி மாலை எடுத்து திங்கள் வரை கிடந்த மாதிரியில் "தொற்று இல்லை" என்று வந்தால் அதை நம்பி ஒருவரைக் கூட்டத்துக்குள் அனுப்பக்கூடாது. முடிவு வரும்வரை சிகிச்சையைத் தள்ளிப்போடவும் கூடாது.

இனி மூச்சு. ஏழைகளில் பலர் இறந்தது தாமதமாக வந்ததால்தான். கொரோனாவில் ஒரு விசித்திரம், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 85 சதவீதத்துக்கு இறங்கிய பிறகும் ஆள் பேசிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதனால் விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் ஒவ்வொரு கிராம சுகாதார செவிலியரின் பையிலும் இருக்க வேண்டும். 94ம் அதற்கு மேலும் இருந்தால் வீட்டிலேயே கவனிக்கலாம். 90 முதல் 93 வரை என்றால் நடுத்தர நிலை, ஆக்சிஜன் உள்ள இடத்துக்கு அனுப்ப வேண்டும். 90க்குக் கீழே போனால் அவசரம். அதோடு மூச்சையும் ஒரு நிமிடம் முழுக்க எண்ண வேண்டும். 24ஐத் தொட்டால் நடுத்தர நிலை, 30ஐத் தாண்டினால் கடுமை. பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் ஒரு மூச்சுப் பிழை நான்காகிவிடும்.

இந்தக் கருவியைப் பற்றி நம்மவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. கருத்த தோலில் அது உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்று 2020 இறுதியில் அமெரிக்க ஆய்வு ஒன்று எடுத்துக்காட்டியது. ஆகவே 94, 95 என்று எல்லையில் நிற்பவரை "சரியாக இருக்கிறது" என்று அனுப்பிவிடாதீர்கள். சில்லிட்ட விரல், நகப்பூச்சு, காய்ப்பு ஏறிய உழைப்பாளி விரல் எல்லாமே அளவைக் குழப்பும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, வேறு விரலில் வைத்து, எண் நிலைக்கும்வரை அரை நிமிடமாவது பொறுத்துப் படியுங்கள். ஐயம் இருந்தால் நடக்க வைத்துப் பாருங்கள். ஆறு நிமிடம் சமதரையில் நடந்த பிறகு 94க்குக் கீழே வந்தாலோ, 3 புள்ளி இறங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, அவர் மேலே போக வேண்டியவர். அறுபதைத் தாண்டியவர்களுக்கு மூன்று நிமிடம் போதும். ஏற்கெனவே இரைத்துக்கொண்டு வந்தவரை நடக்க வைக்கக் கூடாது.

மேலே அனுப்புவது என்றால் 108ஐக் கூப்பிட்டுவிட்டுக் காத்திருப்பது மட்டும் போதாது. அந்த இடைவெளியில் ஆளைத் தாங்க ஆக்சிஜன் போதுமா என்ற கணக்கு எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும். சின்ன பி வகை உருளையில் ஏறக்குறைய 1,500 லிட்டர், பெரிய டி வகையில் 7,000 லிட்டர். நிமிடத்துக்கு 5 லிட்டர் கொடுத்தால் சின்னது 300 நிமிடம், அதாவது 5 மணி நேரம் வரும். பெரியது 23 மணி நேரம். நிமிடத்துக்கு 10 லிட்டர் தேவைப்படும் ஒருவரை மலையிலிருந்து இறக்க 3 மணி நேரம் ஆகுமென்றால் 1,800 லிட்டர் வேண்டும். ஒரு சின்ன உருளையை வண்டியில் ஏற்றி அனுப்பினால் அவர் வழியிலேயே திணறிப்போவார். இரண்டு உருளை ஏற்ற வேண்டும், இரண்டும் நிறைந்திருக்கிறதா என்று முன்னாடியே அழுத்தமானியில் பார்த்திருக்க வேண்டும். முள் பாதியில் நின்றால் மேலே சொன்ன நேரமும் பாதி.

2021 மே மாதத்துக்குப் பிறகு, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் செறிவூட்டிகள் பல நிலையங்களுக்கு வந்தன. நல்ல கருவி, ஆனால் அதன் எல்லை தெரியாமல் பயன்படுத்தினால் ஆபத்து. 5 லிட்டர் இயந்திரம் 5 லிட்டர் வரைதான் தரும். பை உள்ள உயர் ஓட்ட முகமூடிக்கு 10 முதல் 15 லிட்டர் வேண்டும். அதை 5 லிட்டர் இயந்திரத்தில் மாட்டினால் பை உப்பாது, நோயாளி தான் விட்ட மூச்சையே இழுப்பார். மூக்குக் குழாய்க்கு 1 முதல் 5 லிட்டர், சாதாரண முகமூடிக்குக் குறைந்தது 5 லிட்டர் என்று சுவரில் எழுதி வையுங்கள். இயந்திரத்தைச் சுவரோடு ஒட்டி வைத்தால் சூடேறும். ஒரு முழம் தள்ளி வையுங்கள். பின்பக்க வடிகட்டியை வாரம் ஒருமுறை கழுவி, முழுக்கக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். ஈரப்பதக் குடுவையில் கொதித்து ஆறிய நீரோ வடிநீரோ ஊற்றி தினமும் மாற்றுங்கள். குடுவையின் மூடி சரியாகத் திருகப்படாமல் காற்று கசிந்தால் இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும், நோயாளிக்கு மட்டும் ஒன்றும் போய்ச் சேராது. குழாயின் நுனியைத் தண்ணீரில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பதே சுலபமான சோதனை. மின்சாரம் போனால் என்ன செய்வது என்பதற்குப் பக்கத்திலேயே ஒரு உருளை நிற்க வேண்டும். 10 லிட்டர் இயந்திரம் 600 வாட் அளவு இழுப்பதால் நிலையத்தின் சாதாரண இன்வெர்ட்டர் வெகுநேரம் தாங்காது.

ஆக்சிஜன் அளவு 92 முதல் 96க்குள் நின்றால் போதும். 99க்குக் கொண்டுபோக ஓட்டத்தை ஏற்றுவது உருளையை வீணாக்குவது. விழித்திருப்பவரைக் குப்புறப் படுக்க வைத்தால் பலருக்கு அளவு ஏறும். கர்ப்பிணிகளுக்கு இது வேண்டாம், இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கட்டும்.

ஒரு மருந்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொரோனாவில் உயிரைக் காக்கும் என்று 2020 ஜூனில் பிரிட்டனில் நடந்த பெரிய சோதனை நிறுவியது. நாளுக்கு 6 மி.கி., அதிகபட்சம் 10 நாள். ஆனால் பலன் ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களுக்குத்தான். தேவைப்படாதவர்களுக்குப் பலன் தெரியவில்லை, கெடுதலுக்கே சாத்தியம் இருந்தது. மலிவான மாத்திரை என்பதால் காய்ச்சல் வந்த இரண்டாம் நாளே பலர் கடையில் வாங்கி விழுங்கினார்கள். சுகர் எகிறியது. கட்டுப்படாத சுகரும் ஸ்டீராய்டும் சேர்ந்ததன் விளைவைக் கருப்புப் பூஞ்சையாக 2021 மே மாதத்தில் கண்டோம். இந்த மருந்தைத் தொடங்கும் ஒவ்வொருவருக்கும் அன்றும் பிறகு தினமும் ரத்த சர்க்கரை பார்க்க வேண்டும். மாதம் முழுவதும் குளுக்கோமீட்டர் பட்டைகள் கையிருப்பில் இருக்க வேண்டும் என்பது இதனாலும்தான்.

இப்போது இன்னொரு வாசலுக்கு வருவோம்.

சுகர், பி.பி. மாத்திரை வாங்குபவர்களை மாதாமாதம் வரச்சொல்லிக் கூட்டம் சேர்க்காமல் இரண்டு மாத மாத்திரையாகக் கொடுப்பது நல்ல வழி. அரசாணை வந்த அன்றே எல்லோருக்கும் கொடுத்தால் மருந்தறை காலியாகிவிடும். பதிவேட்டில் 800 சுகர் நோயாளிகள், ஆளுக்குத் தினம் இரண்டு மெட்ஃபார்மின் என்று வைத்துக்கொண்டால் இரண்டு மாதத்துக்கு 96,000 மாத்திரை. வழக்கமாக மாதம் 48,000 எடுக்கும் நிலையத்தில் அவ்வளவு இருக்காது. பதிவேட்டை எட்டுப் பங்காகப் பிரித்து வாரம் ஒரு பங்குக்கு, 100 பேருக்கு, இரண்டு மாத மாத்திரை கொடுங்கள். மற்றவர்களுக்கு அவரவர் முறை வரும்வரை தேவையானது மட்டும். எட்டு வாரத்தில் எல்லோரும் புதிய சுழற்சிக்கு வந்துவிடுவார்கள், இருப்பும் தாங்கும். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் கிடங்குக்குக் கூடுதல் தேவையை முதல் வாரமே எழுதிவிடுங்கள். வீடு தேடிப் போய் மாத்திரை கொடுப்பது 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் "மக்களைத் தேடி மருத்துவம்" என்ற பெயரில் தொடங்கியது. பெருந்தொற்றின் நடுவில் முளைத்த ஏற்பாடு இது. அதன் பெண் தன்னார்வலர்கள் வைத்திருக்கும் வீட்டுவாரிப் பட்டியல் அடுத்த நெருக்கடியில் நமக்குக் கிடைக்கும் முதல் ஆயுதம்.

இன்சுலின் போடுபவர்களில் குளிர்பெட்டி இல்லாத வீடுகள் நிறைய. பெரிய மண்சட்டியில் ஈரமணல் நிரப்பி, அதற்குள் சின்னச் சட்டி வைத்து, அதில் நெகிழிப்பையில் சுற்றிய குப்பியை வைத்து, ஈரத்துணியால் மூடச் சொல்லுங்கள். திறந்த குப்பியை ஒரு மாதத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் கொரோனா மாதிரியோடு காசநோய்க்குச் சளியும் எடுத்துவிடுங்கள். ஒரே ஆள், ஒரே நடை, இரண்டு குப்பி. மருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு ஊரடங்கு வருவதற்கு முன்பே ஒரு மாத மாத்திரை கையில் போய்ச் சேர வேண்டும். பாதியில் நின்றுபோன காசநோய் மருந்து, அடுத்த ஆண்டு மருந்துக்கு அடங்காத காசநோயாகத் திரும்பி வரும்.

பிரசவத்துக்கு வந்தவரைப் பரிசோதனை முடிவு கேட்டுத் திருப்பி அனுப்பக் கூடாது. வலியோடு வருபவர் எல்லோருக்கும் தொற்று இருப்பதாகவே எண்ணிக் கவசம் அணிந்து பாருங்கள். காய்ச்சல் உள்ளவருக்குக் கோடியில் ஓர் அறை ஒதுக்குங்கள். தொற்று உள்ள தாயும் முகக்கவசம் அணிந்து, கை கழுவிவிட்டுத் தாய்ப்பால் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். சேயைப் பிரித்து வைத்தால் பால் வற்றும், ஏழை வீட்டில் புட்டிப்பால் வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும்.

புதன்கிழமைத் தடுப்பூசியை நிறுத்தியதன் விலை தாமதமாகத்தான் தெரியும். 2022 இறுதியில் மும்பையிலும் மாலேகாவிலும் தட்டம்மை பரவிக் குழந்தைகள் இறந்தார்கள். அரை மணிக்குப் பத்துக் குழந்தை என்று டோக்கன் கொடுத்தால் கூட்டம் இருக்காது. பி.சி.ஜி.யும் தட்டம்மை ஊசியும் கரைத்த 4 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டியவை என்பதால் அவற்றுக்கு உரிய குழந்தைகளை அடுத்தடுத்த டோக்கனில் வரவழையுங்கள். இல்லாவிட்டால் ஒரு குழந்தைக்காக ஒரு குப்பி வீணாகும்.

இரண்டு வாசலுக்கும் வராதவர்கள் இருக்கிறார்கள். கேள்வி கேட்டவர் கவலைப்படுவது இவர்களைப் பற்றித்தான் என்று நினைக்கிறேன். இருளர், பளியர், காட்டுநாயக்கர் குடியிருப்புகள், ஒடிசாவிலிருந்து சூளைக்கு வந்த குடும்பங்கள், நரிக்குறவர் காலனி, தனியாக வாழும் முதியவர்கள், தெருவில் படுப்பவர்கள். இவர்கள் வராததற்கு அறியாமையைக் காரணம் சொல்வது சோம்பேறித்தனம். ஒரு நாள் கூலி போகும், முன்பணம் கொடுத்த சூளைக்காரர் விடமாட்டார், பேருந்து இல்லை, மொழி தெரியாது, போன முறை யாரோ அதட்டினார்கள், தொற்று என்று தெரிந்தால் வீட்டை அடைத்துவிடுவார்கள். ஒவ்வொன்றும் நியாயமான காரணம்.

கடைசிக் காரணத்தை நாமே உண்டாக்கினோம். 2020இல் நோயாளி வீட்டுக் கதவில் ஒட்டுத்தாள் ஒட்டினார்கள், வாசலைத் தகரம் வைத்து அடைத்தார்கள். தெருவே வேடிக்கை பார்த்தது. அடுத்த வீட்டில் காய்ச்சல் வந்தவர் அதை மறைத்தார், மூச்சு முட்டிய பிறகுதான் வெளியே சொன்னார். அதிகாரிகளின் தனி உத்தரவு இல்லாமல் இப்படி ஒட்டக்கூடாது என்று அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒட்டுத்தாள் ஒரு தொற்றைக்கூடத் தடுத்ததாக நான் நம்பவில்லை. பலரைப் பரிசோதனையிலிருந்து விரட்டியது என்பது மட்டும் உறுதி.

ஒற்றை அறை வீட்டில் ஆறு பேர் இருக்கையில் "தனிமையில் இருங்கள்" என்பது வெறும் சொல். பள்ளிக்கூடத்தையோ சமுதாயக் கூடத்தையோ படுக்கைகளோடு திறந்து, மூன்று வேளை சாப்பாடு, கழிப்பறை, பெண்களுக்குத் தனி இடம், செல்பேசிக்கு மின் இணைப்பு எல்லாம் இருந்தால் மக்கள் தாங்களே வருவார்கள். வீட்டில் மிஞ்சியவர்களுக்கு அரிசியும் பருப்பும் போய்ச் சேர வேண்டும். ஊராட்சித் தலைவர், ரேஷன் கடைக்காரர், அங்கன்வாடிப் பணியாளர் மூவரின் எண்ணும் சுகாதார ஆய்வாளரின் செல்பேசியில் இருக்க வேண்டியது இதற்காகத்தான். காய்ச்சல் கணக்கெடுப்புக்குப் போகிறவரின் பையில் பாராசிட்டமாலும் உப்புக்கரைசல் பொட்டலமும் இருக்கட்டும். கேள்வித்தாள் மட்டும் எடுத்துப்போனால் மூன்றாம் நாள் கதவு திறக்காது. சென்னையில் 2020 கோடையில் தெருத்தெருவாக நடந்த காய்ச்சல் முகாம்கள் பலன் தந்ததற்கு, மருத்துவரும் மாத்திரையும் தெருமுனைக்கே போனது பெரிய காரணம். பொதுக் கழிப்பறை உள்ள குடியிருப்பில் அதைத் தூய்மை செய்வதும் காற்றோட்டமாக்குவதும் முகாமைப் போலவே முக்கியம்.

தடுப்பூசியைக் குக்கிராமத்துக்குக் கொண்டுபோவது தனிக் கலை. எடுத்துச்செல்லும் பெட்டியில் நான்கு ஐஸ் பேக். உறைகலத்திலிருந்து எடுத்த கையோடு பெட்டியில் அடுக்கினால் அதில் ஒட்டிய குப்பி உறைந்துவிடும். கொரோனாவுக்குப் போட்ட கோவிஷீல்டு, கோவேக்சின் ஊசிகள் இரண்டும் உறைந்தால் குப்பைக்குத்தான் போக வேண்டியிருந்தது. மேசையில் வைத்துப் பனி வியர்த்து, ஆட்டிப் பார்த்தால் உள்ளே தண்ணீர் சலசலக்கும் வரை பொறுங்கள். கோவிஷீல்டு குப்பியில் 10 பேருக்கான மருந்து இருந்தது, ஆளுக்கு 0.5 மி.லி., திறந்த 4 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டியிருந்தது. திறந்த நேரத்தைக் குப்பியின் மேலேயே எழுதுங்கள். ஏழு பேர்தான் இருக்கிறார்கள் என்றால் திறக்கலாமா? எட்டாத குடியிருப்பில் திறந்துவிடுங்கள். மூன்று டோஸ் வீணாவதைவிட ஏழு பேரை இறங்கி வரச்சொல்லித் திருப்பி அனுப்புவது பெரிய இழப்பு, அவர்கள் மறுபடி வரமாட்டார்கள். வீணான கணக்கைக் காரணத்தோடு எழுதி வையுங்கள், மேலதிகாரி கேட்டால் காட்டலாம்.

ஆதாரும் செல்பேசியும் இல்லாதவரைத் திருப்பி அனுப்பியது 2021இன் தொடக்கத்தில் நிறைய நடந்தது. அடையாள அட்டையே இல்லாத நாடோடிகள், முதியோர் இல்லத்தவர், சாலையோரத்தில் வாழ்பவர்கள் ஆகியோருக்குப் பொறுப்பாளர் ஒருவரை வைத்து ஊசி போட வழி செய்து 2021 மே மாதத்தில் மத்திய சுகாதாரத் துறை நெறிமுறை வெளியிட்டது. ஒரு செல்பேசி எண்ணில் நான்கு பேரைப் பதியவும் முடிந்தது. விதி இருந்தும் வாசலில் நின்ற ஊழியருக்குத் தெரியவில்லை என்பதுதான் பல இடங்களில் நடந்தது; அச்சடித்து மேசையில் ஒட்டி வைக்க வேண்டிய தாள் அது.

நேரம் பார்த்துப் போங்கள். சூளையில் விடியலுக்கு முன்பே வேலை தொடங்கிவிடும், மதியம் ஓய்வு. தேயிலைக்காரர்கள் மாலையில்தான் வீட்டில் இருப்பார்கள். ஊசிக்கு மறுநாள் காய்ச்சல் வந்தால் கூலி போகும் என்பதால் சனிக்கிழமை மாலை போடுவது நல்லது, ஆறு பாராசிட்டமால் மாத்திரையையும் கையில் கொடுத்துவிடுங்கள். போட்டவரை அரை மணி நேரம் உட்கார வைக்க வேண்டும். 1:1000 அட்ரினலின் குப்பி பையில் இருக்கிறதா, காலாவதி ஆகவில்லையா என்று கிளம்பும்போதே பாருங்கள். ஒவ்வாமை அதிர்ச்சி என்றால் பெரியவருக்கு 0.5 மி.லி., தொடையின் வெளிப்பக்கத் தசையில், உடனே.

அச்சத்தை அதட்டிப் போக்க முடியாது. 2021 ஏப்ரல் 15 அன்று ஊசி போட்டுக்கொண்ட நடிகர் விவேக் 17ஆம் தேதி மாரடைப்பால் இறந்தபோது தமிழ்நாடு முழுக்க மக்கள் பின்வாங்கினார்கள். மரணத்துக்கு ஊசி காரணமில்லை என்று மத்தியக் குழு பிறகு ஆராய்ந்து சொன்னது. அந்தச் செய்தி கிராமத்துக்கு வர மாதங்கள் ஆயின. "ஒன்றும் ஆகாது" என்று சொல்லாமல், இரண்டு நாள் கை வலிக்கும், காய்ச்சல் வரலாம், இப்படி ஆனால் இந்த எண்ணைக் கூப்பிடுங்கள் என்று சொன்னவர்களை மக்கள் நம்பினார்கள். சொல்பவர் அந்தச் சமூகத்தவராக இருந்தால் இன்னும் நல்லது. நீலகிரி மாவட்டம் கூடலூரில் 1990 முதல் இயங்கும் ஆதிவாசி மருத்துவமனை பழங்குடிப் பெண்களையே செவிலியராகப் பயிற்றுவித்தது. அப்படி ஒருவர் தன் தாய்மொழியில் கதவைத் தட்டுவதற்கு ஈடாக ஒரு விளம்பரமும் இல்லை.

தொற்று இல்லாத இந்த நாள்களில் செய்து வைக்க வேண்டியவை சில உண்டு. குக்கிராமம் குக்கிராமமாக ஒரு நோட்டு: எத்தனை வீடு, படுக்கையில் கிடப்பவர் யார், சுகர் யாருக்கு, காசநோய் மருந்தில் யார், எட்டாம் மாதக் கர்ப்பிணி யார், வண்டி வைத்திருப்பவர் யார், எந்த இடத்தில் சிக்னல் கிடைக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருத்துங்கள். சூளைகளில் பருவத்துக்குப் பருவம் ஆள் மாறும், அங்கே ஒவ்வொரு பருவமும் புதிதாக எழுதுங்கள். செறிவூட்டிகளை மூடி போட்டுக் கிடங்கில் வைத்துவிடாமல் மாதம் ஒருமுறை அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். உருளைகளின் அழுத்தத்தை வாரந்தோறும் குறித்து வையுங்கள். உருளை திறக்கும் சாவியை ஒரு சங்கிலியில் கோத்து உருளையின் கழுத்திலேயே கட்டிவிடுங்கள். இரவு இரண்டு மணிக்கு அதை எந்த மேசை அறையில் தேடுவது என்று யாருக்கும் தெரிந்திருக்காது.